அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஏடிஹெச்டி இருக்குமா?

கேள்வி: எனக்கு 39 வயது. திண்டுக்கல்லில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் நான்காம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இந்த மே மாதம்தான் எட்டு வயது முடிந்தது. சேட்டையே கிடையாது, சாதுவான பிள்ளை. ஆனால் வகுப்பில் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், போர்டில் இருப்பதைப் பாதிதான் எழுதுகிறாள், பென்சில் பாக்ஸைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று மிஸ் சொல்கிறார். ஏடிஹெச்டியாக (கவனக் குறைபாடு, மிகைச்செயல்பாடு) இருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்றார். குழந்தை மருத்துவரோ, "ஓடியாடித் தொல்லை பண்ணலையே, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்கிறார். ஒரு தனியார் மையத்தில், மூளையை மேப்பிங் எடுத்தால் அன்றைக்கே சொல்லிவிடலாம் என்கிறார்கள். 15,000 ரூபாய் ஆகுமாம். இதைப் பற்றி இணையத்தில் படித்தபோது பெரியவர்களுக்கான ஒரு கேள்வித்தாளை நானே போட்டுப் பார்த்தேன். எனக்கே அதிக மதிப்பெண் வந்தது. ஜிஎஸ்டி கணக்கைத் தேதிக்குள் கட்டியதே இல்லை, ஸ்டாக் எடுக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். "உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்கிறாள் மனைவி. வல்லாரைக் கீரை கொடுத்தால் போதும் என்கிறார் என் அம்மா. மகளுக்கு எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? எனக்கும் இந்த வயதில் இது வருமா?

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏடிஹெச்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்த மேப்பிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல ஏடிஹெச்டிக்கு இன்றுவரை ஒரு டெஸ்ட் கிடையாது. மேப்பிங் என்று அவர்கள் சொல்வது, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியைக் கணினியில் போட்டு எந்த அலை எங்கே எவ்வளவு என்று வண்ணப் படமாக்கித் தருவது. தீட்டா அலைக்கும் பீட்டா அலைக்கும் உள்ள விகிதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பலமாக இருந்தது. மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும் என்ற நிபந்தனையோடு 2013இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அப்படி ஒரு கருவிக்கு அனுமதியும் கொடுத்தது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் நம்பிச் சொல்லும் அளவுக்கு அந்த விகிதம் பிரித்துக் காட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆராய்ச்சிக்கு வெளியே நோயை உறுதிசெய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2016இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி அறிவுறுத்தியது. பணம் வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சிவப்பும் நீலமுமாக ஒரு மூளைப் படம் கைக்கு வந்துவிட்டால், பெற்றோர் அதற்கு மேல் எதையும் தேடுவதில்லை. உங்கள் மகள் விஷயத்தில் தேட வேண்டியது நிறைய இருக்கிறது.

இஇஜி எடுக்க வேண்டிய ஒரு காரணம் உண்டு. அது ஏடிஹெச்டி அல்ல. எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மிஸ் சொன்னதைப் படித்ததும் நான் முதலில் யோசித்தது ஒருவகை வலிப்பைத்தான். கை கால் வெட்டாது, கீழே விழ மாட்டார்கள். பேசிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கும்போதே சில விநாடிகள் அப்படியே நின்றுவிடுவார்கள். பார்வை நிலைகுத்தும், சிலருக்கு இமை படபடக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு நாளில் பல முறை வரும். நான்கு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளிடம்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. கனவு காண்கிறாள் என்றே வகுப்பில் நினைத்துக்கொள்வார்கள். வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். யோசனையில் மூழ்கிய பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். வலிப்பில் இருக்கும் பிள்ளை அந்தச் சில விநாடிகளுக்குத் திரும்பாது. பேச்சின் நடுவில் சொல் அறுந்து நின்றால் ஃபோனில் வீடியோ எடுத்து, தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். அவர்கள் வேகமாக மூச்சு விடச் சொல்லி, சாதாரண இஇஜி எடுத்துப் பார்ப்பார்கள். மருந்தில் நன்றாகக் கட்டுப்படக்கூடியது அது.

ஓடியாடவில்லை என்பதற்காக ஏடிஹெச்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், மருத்துவர்களும் சேர்த்து. மிகைச்செயல்பாடு இல்லாமல் கவனக் குறைபாடு மட்டும் இருக்கலாம் என்று 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு எழுதிவிட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கவனம் சார்ந்த அறிகுறிகள் ஒன்பது, துடுக்கும் அவசரமும் சார்ந்தவை ஒன்பது. பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு பட்டியலில் ஆறு இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். முதல் பட்டியலை மட்டும் நிறைவு செய்யும் பிள்ளை யாருக்கும் தொல்லை தராது. அதனாலேயே யார் கண்ணிலும் படாது. மனநல மருத்துவரிடம் கூட்டி வரப்படும் பிள்ளைகளில் பையன்கள் பல மடங்கு அதிகம். பெரியவர்களை எடுத்துப் பார்த்தால் ஆண் பெண் எண்ணிக்கை ஏறக்குறைய நெருங்கிவிடுகிறது. நடுவில் அந்தப் பெண் பிள்ளைகளெல்லாம் சோம்பேறி, மந்தம் என்ற பெயரோடு வளர்ந்து முடித்திருக்கிறார்கள். உங்கள் மகளின் மிஸ், சாதுவாக இருக்கும் ஒரு பெண் பிள்ளையைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

மிஸ் கவனித்தது தொடக்கம்தான். பெயர் வைப்பது அவர் வேலையும் இல்லை, ஒரே சந்திப்பில் என் வேலையும் இல்லை. ஒழுங்காகச் செய்யும் மதிப்பீடு பெரும்பாலும் பேச்சு. பெற்றோரிடம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவோம். கர்ப்பகாலம் எப்படி, பிரசவம் எத்தனையாவது மாதத்தில், எப்போது பேசினாள், எல்கேஜி மிஸ் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்பது சடங்குக்காக இல்லை. இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஏடிஹெச்டி சிறுவயதிலிருந்தே இருப்பது. பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வகுப்பு வரை நன்றாக இருந்து, இந்த ஜூனுக்குப் பிறகு மட்டும் மாறியிருந்தால் நான் வேறு திசையில் தேடுவேன். பள்ளி மாறினாளா, நெருங்கிய தோழி பிரிந்தாளா, வீட்டில் சண்டையா, யாராவது மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் யாராவது தொட்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள். நாங்கள் தயங்காமல் கேட்போம். பயத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் காதில் விழாது.

அடுத்தது, எங்கெல்லாம் இப்படி இருக்கிறாள் என்பது. பள்ளியில் மட்டும் என்றால் சிக்கல் பள்ளியில் இருக்கலாம், வீட்டில் மட்டும் என்றால் வீட்டில். இரண்டு இடத்திலாவது, ஆறு மாதமாவது, வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். அதனால்தான் கானர்ஸ், வாண்டர்பில்ட் போன்ற கேள்வித்தாள்களை உங்களுக்கு ஒன்றும் மிஸ்ஸுக்கு ஒன்றும் தனித்தனியாகக் கொடுப்போம். இந்தியக் குழந்தைகளை வைத்தே உருவாக்கிச் சரிபார்த்த இன்க்லென் கருவியும் இருக்கிறது. மிஸ்ஸுடைய தாளை நீங்கள் பார்த்துப் பூர்த்தி செய்யாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் நல்லதுதான், அந்த முரண்பாட்டிலிருந்தே எங்களுக்கு நிறையத் தெரியும். மதிப்பெண் கூடினால் நோய், குறைந்தால் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறைக்குள் பிள்ளை எப்படி இருந்தாள் என்பதையும் நம்ப வேண்டாம். புது இடம், புது மனிதர், தன் மேல் முழுக் கவனம் என்று இருக்கும்போது ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் அரை மணி நேரம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். டிவி முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறாளே என்பதும் அப்படித்தான். பிடித்ததில் மூழ்க முடிகிறது. பிடிக்காததைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் மனத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்த முடிவதில்லை.

இனி, வேறு எதனால் இப்படி இருக்கலாம் என்பது. அவசரத்தில் தவறவிடப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

போர்டில் இருப்பதைப் பாதிதான் எழுதுகிறாள் என்றீர்கள். கண்ணைப் பரிசோதித்தீர்களா? காதையும் பாருங்கள், சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டியிருக்கும் பிள்ளைக்கு மிஸ் சொல்வது பாதிதான் கேட்கும். இரவில் குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து தூங்குகிறாளா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை பெரிதாக இருந்தால் தூக்கம் கெட்டு, பகலில் பார்ப்பதற்கு ஏடிஹெச்டியைப் போலவே இருக்கும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் கவனத்தைக் கெடுக்கும். வெளிறிப்போய்ச் சோர்வாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வோம். அது ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்க இல்லை, இவற்றை விலக்கத்தான்.

இங்கிலீஷ் மீடியம் என்பதையும் நான் சும்மா தாண்டிப் போக மாட்டேன். வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் இல்லாமல், நாள் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, புரியாததிலிருந்து மனத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வைப்பது இயல்பு. ஒரு சோதனை செய்து பாருங்கள். அவள் கேட்காத ஒரு கதையைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பத்து நிமிடம். பிறகு சொல்லச் சொல்லுங்கள். கோர்வையாகச் சொன்னால் அது ஒரு தடயம். அடுத்து அவளையே தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினால், வரியை விட்டுத் தாவினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாசிக்க முடியாத பிள்ளை கவனிக்காததுபோலத் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் மிகச் சாதாரணம், ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் மற்றதைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது. இதற்குத் தேவைப்பட்டால்தான் உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் செய்வார். கற்றல் குறைபாட்டைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அது இடம்பெற்றிருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. பிற்பாடு தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் தேவைப்பட்டால் இந்த விவரம் உதவும்.

மே மாதம் பிறந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். ஜூனில் பள்ளி தொடங்குகிறது, ஆகவே வகுப்பில் அவள் மிகச் சின்னவர்களில் ஒருத்தி. பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்பது வயது நெருங்கியிருக்கலாம். எட்டு வயதில் பத்து, பதினோரு மாத வித்தியாசம் பெரியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பர் கடைசி நாளை வைத்து வகுப்பில் சேர்க்கிறார்கள். அங்கே ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு 30 சதவீதமும் பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதமும் அதிகமாக ஏடிஹெச்டி என்று முத்திரை விழுந்திருந்ததை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டிசம்பரில் பிறப்பதால் மூளை மாறிவிடாது; சின்னப் பிள்ளையைப் பெரிய பிள்ளையோடு ஒப்பிட்டுவிட்டார்கள். மிஸ்ஸிடம் பேசும்போது, "இவள் வயதுப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் எப்படி?" என்று கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அறிகுறிகள் நின்றால், அவை அவள் வாழ்க்கைக்கு இடைஞ்சலாக இருந்தால், பெயர் சொல்லத் தயங்கவும் கூடாது. பென்சில் பாக்ஸ் தொலைவது மட்டும் இடைஞ்சல் ஆகாது. தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டு அழுவது, விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஒதுங்குவது, தன்னைத் தானே முட்டாள் என்று சொல்லத் தொடங்குவது, இவைதான் இடைஞ்சல். குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. வளர்ப்பில் தவறு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன.

அதனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனைவி சொன்னதில் விஷயம் இருக்கிறது. 39 வயதில் புதிதாக வருவதில்லை; இருந்திருந்தால் உங்களுக்கு எட்டு வயதிலும் இருந்திருக்கும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தவர்கள், 38 வயதில் ஏடிஹெச்டி அறிகுறிகள் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது இல்லை என்று 2015இல் எழுதியபோது எங்கள் துறையில் பெரிய விவாதம் கிளம்பியது. வேறு இடத்தில் அப்படிப்பட்டவர்களை ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தபோது பெரும்பாலோருக்குப் போதைப் பழக்கமோ வேறொரு மனநலச் சிக்கலோ காரணமாக இருந்தது. நீங்கள் போட்டுப் பார்த்த கேள்வித்தாள் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் ஆக இருக்கலாம். நல்ல கருவிதான், ஆனால் சல்லடை. கடன் நெருக்கடியில் இருப்பவரும், ஐந்து மணி நேரம் தூங்குபவரும், மனச்சோர்வில் இருப்பவரும் அதில் நிறைய மதிப்பெண் வாங்குவார்கள்.

பெரியவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றும் இன்றைக்கு எப்படி, பள்ளி நாளில் எப்படி இருந்தது என்று உதாரணத்தோடு கேட்போம். நெதர்லாந்தில் உருவாக்கிய டிவா என்ற நேர்காணல் இப்படித்தான் நடக்கும். துடுக்குத்தனம் பெரும்பாலோருக்கு இந்த வயதில் வெளியே தெரியாது, உள்ளுக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமையாக மாறியிருக்கும். உங்கள் நினைவை மட்டும் நம்ப முடியாது. உங்கள் அம்மாதான் எங்களுக்கு முக்கியமான சாட்சி. வல்லாரை கொடுக்கச் சொல்லும் அதே அம்மாவிடம், "நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது எப்படிம்மா இருந்தேன்?" என்று கேளுங்கள். வீட்டில் பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வையுங்கள். "கவனம் தேவை", "திறமை இருந்தும் முயற்சி இல்லை" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆசிரியர் எழுதியிருந்தால், எந்த ஸ்கேனைவிடவும் நான் அதை மதிப்பேன். குடிப் பழக்கம், தூக்கம், குறட்டை, பணக் கவலை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மகளின் மதிப்பீடும் உங்களுடையதும் தனித்தனியாக நடக்கட்டும், முதலில் அவளுடையது. உங்களுக்கு உறுதியானாலும் அதனாலேயே அவளுக்கும் இருக்கிறது என்று ஆகிவிடாது.

எங்கே போவது? குழந்தைகளைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரிடம், அல்லது வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பல மாவட்டங்களில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையமும் இயங்குகிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. வழி தெரியவில்லை என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசிக் கேட்கலாம், கட்டணம் இல்லை. பதினைந்து நிமிடத்தில், மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மாத்திரைச் சீட்டோடு அனுப்பினால் இன்னொருவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நான் எதிர்க்கவில்லை. உறுதியான பிறகு, தேவைப்படும் பிள்ளைக்கு மீத்தைல்ஃபெனிடேட் நன்றாகவே உதவுகிறது. அதைத் தொடங்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு பார்த்து, குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் இதய நோய் இருந்ததா என்றும் கேட்க வேண்டும். கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து அது. இன்னொரு பிள்ளைக்கு எழுதியதை வாங்கிக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். வல்லாரையைத் துவையலாக அரைத்துத் தாராளமாகச் சாப்பிடட்டும். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேதி கிடைக்கும் வரை மிஸ்ஸிடம் இரண்டு உதவி கேளுங்கள். அவளை முன் பெஞ்சில், ஜன்னலுக்குத் தள்ளி உட்கார வைக்கட்டும். வீட்டுப் பாடத்தை அவள் எழுதி முடித்தாளா என்று மணி அடிக்கும் முன் ஒரு முறை பார்க்கட்டும். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் முகம் பார்த்த பிறகு. மருத்துவரிடம் எதற்குப் போகிறோம் என்று அவள் கேட்பாள். "உனக்குப் படிக்கிறது எங்கே கஷ்டமா இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை லேசாக்கத்தான்" என்று சொல்லுங்கள். நான்கு ஐந்து வாரத்து நோட்டுகளை, தப்பும் கிறுக்கலும் உள்ளபடியே, எடுத்துக்கொண்டு போங்கள்.